எலுமிச்சையால் போகாத கறுப்பு

எங்கள் வீட்டுக் குளியலறை மாடத்தில் பாதி எலுமிச்சம்பழம் எப்போதும் இருக்கும். அது அக்காவின் கழுத்துக்கு. எட்டாம் வகுப்புப் படிக்கும்போதே அவளுக்குப் பின்கழுத்தில் பட்டையாக ஒரு கறுப்பு படிய ஆரம்பித்தது. தொட்டால் வெல்வெட் துணி போல மெத்தென்று, கொஞ்சம் தடித்திருக்கும். அம்மா அதை அழுக்கு என்று நினைத்தாள். எலுமிச்சை, தயிரில் குழைத்த கடலைமாவு, உருளைக்கிழங்குச் சாறு, கடைசியில் பீர்க்கங்காய் நார். ஞாயிற்றுக்கிழமை எண்ணெய் தேய்த்துக் குளிக்கும்போது "அம்மா, எரியுதும்மா" என்று அவள் கத்துவது வாசல்வரை கேட்கும். தோல் சிவந்து, புண்ணாகி, ஆறி, மறுபடியும் கறுத்துவிடும்.

பள்ளிக்கூடத்தில் ஒரு டீச்சர் அவளை வகுப்புக்கு முன்னால் நிறுத்தி, "கழுத்தைத் தேய்ச்சுக் குளிக்க மாட்டியா?" என்று கேட்டார். அதற்குப் பிறகு அக்கா தலைமுடியைத் தூக்கிக் கட்டியதே இல்லை. அவளுடைய கல்யாண ஆல்பத்தைப் பார்த்தால் முகம் ஒரு நிறம், கழுத்து ஒரு நிறம். அத்தனை பவுடர் அப்பியிருப்பார்கள்.

இரத்தத்தில் இன்சுலின் அளவுக்கு மீறி இருந்தால் தோல் இப்படித் தடித்துக் கறுக்கும் என்பது எங்கள் வீட்டுக்குத் தெரிய இருபத்தைந்து வருடத்துக்கு மேல் ஆனது. இத்தனைக்கும் நான் பதினொன்றாம் வகுப்புக்கு விலங்கியல் எடுப்பவள். அந்தக் குற்றவுணர்ச்சி எனக்கு இன்னும் இருக்கிறது.

2022 ஆகஸ்டில், அக்காவின் 43-வது வயதில், கோயம்புத்தூரில் அவளுக்கு எடை குறைப்பு ஆபரேஷன் நடந்தது. மூன்று வருடம் ஆகிவிட்டது. "நீதான் எழுதுவியே, எனக்கு நடந்ததை எழுதுடி. யாராச்சும் ஒரு பொண்ணு படிச்சா போதும்" என்று அவளே சொன்னாள். அதனால் எழுதுகிறேன்.

வகுப்பில் இன்சுலினைச் சாவி என்று சொல்லிக்கொடுப்போம். கணையத்தின் லாங்கர்ஹான் திட்டுகளில் இருக்கும் பீட்டா செல்கள் இன்சுலினைச் சுரக்கும், அது செல்லின் கதவைத் திறக்கும், குளுக்கோஸ் உள்ளே போகும். பதினான்கு வருடம் இதைக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஆனால் அக்காவுக்கு என்ன நடந்தது என்று யோசித்தபோது, சாவியைவிடக் கதவைத் தட்டும் ஆள் என்று வைத்துக்கொண்டால் எனக்கு நன்றாகப் பிடிபட்டது. வீட்டுக்குள் இருப்பவருக்குக் காது மந்தம். வெளியே நிற்பவர் மெதுவாகத் தட்டினால் கேட்பதில்லை, அதனால் ஓங்கித் தட்டுகிறார். இதுதான் இன்சுலின் எதிர்ப்பு. கல்லீரலுக்கும் தசைக்கும் கொழுப்புத் திசுவுக்கும் காது மந்தமாகிவிட, கணையம் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு இன்சுலினைச் சுரந்து எப்படியோ வேலையை முடித்துவிடுகிறது. சர்க்கரை அளவு நார்மல் என்று ரிப்போர்ட் வரும். பல வருடம் அப்படியே ஓடும்.

ஆனால் ஓங்கித் தட்டும் சத்தம் பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும் அல்லவா? தோலுக்குக் காது நன்றாகவே கேட்கிறது. மிதமிஞ்சிய இன்சுலின் தோல் செல்களில் உள்ள வேறொரு வளர்ச்சி ஏற்பியைப் போய்ப் பிடிக்க, செல்கள் பெருகித் தோல் தடிக்கிறது. கழுத்தும் அக்குளும் கறுக்கின்றன. சினைப்பைக்கும் கேட்கிறது. அது ஆண் ஹார்மோனைக் கூடுதலாகச் சுரக்கிறது. மாதவிலக்கு தள்ளிப்போகிறது, தாடையில் முடி முளைக்கிறது. நம் ஊரில் நீர்க்கட்டி என்கிறோமே, அந்தப் பிரச்சினை உள்ள பெரும்பாலான பெண்களிடம் இந்த இன்சுலின் எதிர்ப்பும் கூடவே இருக்கிறது.

அக்காவுக்கு இரண்டுமே இருந்தன. கல்யாணமாகி ஆறு வருடம் குழந்தை இல்லை. மகப்பேறு மருத்துவர் மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்தபோது வீட்டில் பெரிய கலவரம். "சர்க்கரையே இல்லாதவளுக்கு எதுக்குச் சர்க்கரை மாத்திரை?" என்று அவள் மாமியார் மாத்திரை அட்டையைத் தூக்கிப் போட்டார். அந்த மாத்திரை கல்லீரலின் காதைக் கொஞ்சம் திறக்கும் என்று அன்றைக்கு எடுத்துச் சொல்ல ஒருவரும் இல்லை. அக்கா ஒளித்து வைத்துச் சாப்பிட்டாள். முப்பதாவது வயதில் மகள் பிறந்தாள்.

முப்பத்தாறில் சர்க்கரை வந்தது. முதலில் மாத்திரை, பிறகு இன்சுலின் ஊசி. ஊசி போடப் போட எடை ஏறியது. எடை ஏற ஏற ஊசியின் அளவு கூடியது. ஆபரேஷனுக்கு முந்தைய வருடம் அவள் உயரம் 156 செ.மீ., எடை 104 கிலோ, பிஎம்ஐ (உயரத்துக்கு எடை எவ்வளவு என்று பார்க்கும் கணக்கு) 42-க்கு மேல். காலையில் 38 யூனிட், இரவு 26 யூனிட். அப்படியும் மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி (ஹெச்பிஏ1சி) 9.2.

அக்கா திரும்பத் திரும்ப ஒன்றைச் சொல்லுவாள். "ராத்திரி ரெண்டு இட்லிதான்டி சாப்பிட்டேன். காலையில வெறும் வயித்துல எப்படி இருநூத்திப் பத்து வரும்?" யாரும் நம்பவில்லை. மாமா நம்பவில்லை, அம்மா நம்பவில்லை. நான் வாயைத் திறந்து சொல்லாவிட்டாலும் மனதுக்குள் நம்பவில்லை. திருட்டுத்தனமாக ஏதோ சாப்பிடுகிறாள் என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.

அவள் சொன்னது முழு உண்மை. இரவு நாம் தூங்கும்போது கல்லீரல்தான் குளுக்கோஸைத் தயாரித்து இரத்தத்தில் விடுகிறது. மூளைக்கு அது வேண்டும். இன்சுலின் "போதும்" என்றால் கல்லீரல் உற்பத்தியைக் குறைக்க வேண்டும். அக்காவின் கல்லீரலில் கொழுப்பு ஏறியிருந்தது, அதற்கு அந்தப் "போதும்" கேட்கவே இல்லை. அவள் பட்டினி கிடந்தாலும் அது விடிய விடியச் சர்க்கரையை ஊற்றிக்கொண்டிருந்தது.

கல்லீரலுக்குக் கொழுப்பு எப்படிப் போனது என்பதற்கு, இங்கிலாந்தின் நியூகாசிலில் உள்ள மருத்துவப் பேராசிரியர் ராய் டெய்லர் தரும் விளக்கம் எனக்குப் பிடித்தது. தோலுக்கடியில் கொழுப்பைப் பத்திரமாகச் சேர்த்துவைக்க ஒவ்வொருவருக்கும் ஓர் அளவு உண்டு. குதிர் நிறைந்துவிட்டால் மூட்டைகளைக் கூடத்திலும் நடையிலும் அடுக்குவது போல, அந்த அளவைத் தாண்டிய கொழுப்பு கல்லீரலுக்கும் கணையத்துக்கும் போகிறது. ஒருவருடைய குதிர் பெரிது, இன்னொருவருடையது சிறிது. நம்மவர்களுடையது பெரும்பாலும் சிறிதுதான். புனேயைச் சேர்ந்த மருத்துவர் சித்தரஞ்சன் யாஜ்னிக் 2004-ல் லான்செட் மருத்துவ இதழில் தன் படத்தையும் லண்டன் நண்பர் ஜான் யட்கின் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டார். இரண்டு பேருக்கும் பிஎம்ஐ 22.3. யட்கின் உடம்பில் கொழுப்பு 9.1 சதவீதம், யாஜ்னிக் உடம்பில் 21.2 சதவீதம். ஒல்லியாகத் தெரிகிற நம் அப்பாக்களுக்கும் சித்தப்பாக்களுக்கும் ஏன் சர்க்கரை வந்தது என்று அந்த ஒரு பக்கத்தைப் படித்தபோது எனக்கு விளங்கியது.

ஆபரேஷன் பேச்சு வந்ததும் அம்மா ஒரே கேள்விதான் கேட்டாள். "நல்லா இருக்கற வயித்தை எதுக்கு வெட்டணும்?" நானும் அம்மா பக்கம்தான் இருந்தேன். அது நியாயமான கேள்வி என்று இப்போதும் நினைக்கிறேன்.

மருத்துவர் முதலில் எடுக்கச் சொன்னது சி-பெப்டைட் என்ற இரத்தப் பரிசோதனை. ஊசியில் போடும் இன்சுலினில் இது இருக்காது. கணையம் சொந்தமாக இன்சுலின் செய்யும்போது மட்டும் கூடவே வெளிவரும். ஆகவே கணையத்தில் இன்னும் சரக்கு இருக்கிறதா என்று இதை வைத்துச் சொல்லிவிடலாம். அக்காவுக்கு நார்மல் அளவின் மேல் எல்லையையும் தாண்டியிருந்தது. "உங்க கணையம் சும்மா இல்லம்மா, ஓவர்டைம் பாத்துட்டு இருக்கு. கேக்கற பக்கத்துலதான் பெரிய கோளாறு" என்றார் அவர். அக்கா அங்கேயே அழுதுவிட்டாள். ஏழு வருடத்தில் அவள் உடம்பைப் பற்றி ஒருவர் திட்டாமல் பேசியது அன்றைக்குத்தான்.

செய்தது பைபாஸ். ஸ்லீவ் என்று இன்னொன்று இருக்கிறது. அதில் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி எடுத்துவிட்டு வாழைப்பழம் போல ஒரு குழாயை மட்டும் விடுவார்கள். பைபாஸில் எதையும் வெளியே எடுப்பதில்லை. இரைப்பையின் உச்சியில் சுமார் 30 மில்லி பிடிக்கிற ஒரு சின்னப் பையைத் தனியாகப் பிரிக்கிறார்கள். இருமல் மருந்து மூடியில் இரண்டு மூடி, அவ்வளவுதான். பிறகு சிறுகுடலைக் கீழே ஓரிடத்தில் வெட்டி, கீழ் முனையை மேலே கொண்டுவந்து இந்தப் பையோடு தைக்கிறார்கள். மீதி இரைப்பையும் முன்சிறுகுடலும் உணவைப் பார்க்காமலே கிடக்கும். முன்சிறுகுடலில் வந்து விழும் பித்தநீரும் கணையநீரும் கீழே வந்து ஒய் எழுத்துப் போலச் சேர்ந்துகொள்ளும். நான் நோட்டில் படம் வரைந்து அம்மாவுக்குக் காட்டினேன். "ரோடு போடறப்ப ஊருக்கு வெளியில சுத்தி விடுவாங்களே அது மாதிரியா?" என்றாள். அதேதான்.

ஆபரேஷனுக்கு முன்னால் இரண்டு வாரம் திரவ உணவு. புரதப் பொடி கலந்த பால், மோர், பருப்புத் தண்ணீர், காய்கறி சூப். கல்லீரலில் இருக்கும் கொழுப்பு குறைந்து அது சுருங்கினால்தான் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு இரைப்பையைத் தைக்க வசதியாக இருக்குமாம். மூன்றாம் நாளே சர்க்கரை இறங்கத் தொடங்கிவிட்டது. தாழ்சர்க்கரை வந்துவிடக் கூடாதே என்று தினமும் போனில் கேட்டு ஊசியைக் குறைத்துக்கொண்டே வந்தார்கள். 64 யூனிட்டில் இருந்தவள் பதினான்காம் நாள் 30-ல் நின்றாள். எடை நாலு கிலோ குறைந்திருந்தது. இதை நான் அப்போது பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் இதில்தான் விஷயம் இருந்தது.

ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நாள் ஊசி முழுக்க நின்றது. வெறும் வயிற்றில் 126. பத்தாம் நாள் பரிசோதனைக்குப் போனோம், 112. கையில் இருந்தது மெட்ஃபார்மின் மட்டும். எடை அப்போது 97 கிலோ, இன்னும் நல்ல பருமன்தான். மாமா குளுக்கோமீட்டர் கெட்டுவிட்டது என்று நினைத்துப் பக்கத்து மெடிக்கலில் புதிதாக ஒன்று வாங்கி வந்தார். அதிலும் அதேதான் காட்டியது.

அன்று இரவிலிருந்து நான் தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

எங்கள் மாமாவுக்கு வந்த சந்தேகம் அமெரிக்காவில் ஓர் அறுவை மருத்துவருக்கும் வந்திருக்கிறது. வட கரோலினா மாநிலத்தில் கிரீன்வில் என்ற ஊரில் வால்டர் போரிஸ் என்பவர் பருமனுக்காக பைபாஸ் செய்துகொண்டிருந்தார். சர்க்கரை நோயாளிகளுக்கு ஆபரேஷன் முடிந்த சில நாளிலேயே, எடை இறங்குவதற்கு முன்பே, சர்க்கரை நார்மலாகிவிடுவதைப் பார்த்தார். 608 பேரைப் பல வருடம் தொடர்ந்து கவனித்து 1995-ல் கட்டுரை எழுதினார். அவர்களில் சர்க்கரை நோய் இருந்த 146 பேரில் 121 பேருக்குச் சர்க்கரை நார்மலாகவே நின்றிருந்தது. கட்டுரைத் தலைப்பே "இதை யார்தான் நினைத்திருப்பார்கள்?" என்று ஆரம்பிக்கும்.

அதன்பின் குடலில்தான் ஏதோ மாயம் இருக்கிறது என்று பலர் தேடினார்கள். 2004-ல் ஃபிரான்செஸ்கோ ரூபினோ என்ற அறுவை மருத்துவர், பருமனே இல்லாத ஒரு வகைச் சர்க்கரை நோய் எலிகளுக்கு முன்சிறுகுடலை மட்டும் சுற்றிவிட்டு ஆபரேஷன் செய்தார். எடையில் பெரிய மாற்றம் இல்லாமலேயே அவற்றின் சர்க்கரை சரியானது. உணவு சீக்கிரமாகக் கீழ்க்குடலுக்குப் போய்ச் சேர்வதால் ஜிஎல்பி-1 என்ற ஹார்மோன் சாப்பிட்ட பிறகு பல மடங்கு கூடுகிறது என்பதும் உறுதியாகியிருக்கிறது. அது கணையத்தைச் சரியான நேரத்தில் சுரக்க வைக்கிறது, வயிறு நிறைந்ததாக மூளைக்குச் சொல்கிறது. படித்ததும் எனக்கு ஒரே உற்சாகம். குடலைத் திருப்பிவிட்டதால்தான் அக்காவின் இன்சுலின் எதிர்ப்பு போயிற்று என்று முடிவே கட்டிவிட்டேன். பள்ளி ஸ்டாஃப் ரூமில் எல்லோரிடமும் அப்படித்தான் சொன்னேன்.

அப்புறம் அந்த இரண்டு வாரத் திரவ உணவு நினைவுக்கு வந்தது. கத்தி படுவதற்கு முன்பே ஊசி பாதிக்கு மேல் குறைந்திருந்ததே, அது எப்படி?

ராய் டெய்லரும் இதே கேள்வியைத்தான் கேட்டிருக்கிறார். 2011-ல் சர்க்கரை நோய் வந்து நான்கு வருடம் ஆகாத 11 பேருக்கு ஆபரேஷன் எதுவும் செய்யாமல், நாளுக்கு 600 கலோரி மட்டும் எட்டு வாரம் கொடுத்தார். ஏழே நாளில் வெறும் வயிற்றுச் சர்க்கரை நார்மலானது. கல்லீரல் கொழுப்பு முதல் வாரத்திலேயே சுமார் 30 சதவீதம் குறைந்து, கல்லீரலின் காது திறந்துவிட்டது. உடம்பு முதலில் காலி செய்வது கல்லீரலில் அடுக்கிய மூட்டைகளைத்தான். தோலுக்கடியில் இருப்பதைப் பிறகுதான் தொடும். அதனால் வெளியே பார்க்கப் பருமனாகத் தெரியும்போதே உள்ளே பெரிய மாற்றம் நடந்து முடிந்திருக்கும். அக்காவின் 97 கிலோவுக்கும் 112 சர்க்கரைக்கும் இதுவே பதில். தசையின் காது திறக்க மட்டும் மாதக்கணக்கில் ஆகும். எடை கணிசமாக இறங்க வேண்டும்.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் இருந்தும் ஒரு சாட்சி உண்டு. அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் சாமுவேல் கிளைன் குழுவினர் 2004-ல் வெளியிட்ட ஆய்வு. பருமனான 15 பெண்களுக்கு வயிற்றுத் தோலுக்கடியில் இருந்து சுமார் பத்துக் கிலோ கொழுப்பை உறிஞ்சி எடுத்தார்கள். பத்துக் கிலோ! பத்துப் பன்னிரண்டு வாரம் கழித்துச் சோதித்தால் இன்சுலின் எதிர்ப்பு இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. கல்லீரலிலும் இல்லை, தசையிலும் இல்லை. ஊரில் விளம்பரம் செய்கிறார்களே, தொப்பையை உறிஞ்சினால் சர்க்கரை போய்விடும் என்று யாராவது சொன்னால் தயவுசெய்து நம்பாதீர்கள்.

அதே கிளைன் குழு 2020-ல் இன்னும் நேரடியாக ஒப்பிட்டுப் பார்த்தது. சர்க்கரை நோயுள்ள பருமனான 22 பேரில் பாதிப் பேர் உணவுக் கட்டுப்பாட்டால், பாதிப் பேர் பைபாஸால் எடை குறைத்தார்கள். இரு பக்கமும் சுமார் 18 சதவீதம் எடை குறைந்த பிறகு கல்லீரல், தசை, கொழுப்புத் திசு எல்லாவற்றிலும் இன்சுலினுக்குக் காது எப்படி இருக்கிறது என்று அளந்தார்கள். இரண்டு குழுவும் கிட்டத்தட்ட ஒன்றே. குடலைத் திருப்பியதால் தனியாக ஒரு லாபமும் தெரியவில்லை.

இதைப் படித்த இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. அப்படியானால் அம்மா கேட்டது சரிதானே? எதற்கு வெட்டினோம்?

பதில் அக்காவிடம்தான் கிடைத்தது. ஆறாவது வாரம் இருக்கும். மொட்டை மாடியில் துணி உலர்த்திக்கொண்டே சொன்னாள்: "பசின்னு ஒண்ணு எனக்குள்ள கத்திட்டே இருக்கும்டி. தூங்கறப்பக்கூட. இப்ப அது இல்ல. இத்தனை வருஷம் நீங்கள்லாம் இப்படித்தான் இருந்தீங்களா?"

அவள் அதற்கு முன் நான்கு முறை எடை குறைத்திருக்கிறாள். ஒருமுறை 14 கிலோ. ஒவ்வொரு முறையும் திரும்பி வந்தது. நாங்கள் "வாயைக் கட்டத் தெரியல" என்றோம். 2011-ல் ஆஸ்திரேலியாவின் மெல்போர்னில் ஐம்பது பேருக்குப் பத்து வாரம் மிகக் குறைந்த கலோரி உணவு கொடுத்து எடையைக் குறைத்துவிட்டு, ஒரு வருடம் கழித்தும் அவர்களின் ஹார்மோன்களை அளந்தார்கள். பசியைத் தூண்டும் கிரெலின் இன்னும் கூடுதலாகவே இருந்தது, வயிறு நிறைந்ததைச் சொல்லும் ஹார்மோன்கள் குறைந்தே இருந்தன. எடை குறைந்தவரை அவருடைய உடம்பே பழைய எடைக்குத் துரத்துகிறது. பைபாஸும் ஸ்லீவும் இந்தத் துரத்தலைத்தான் அடக்குகின்றன. பைபாஸுக்குப் பின் ஜிஎல்பி-1 கூடுகிறது, ஸ்லீவில் கிரெலின் சுரக்கும் பகுதியே பெரும்பாலும் போய்விடுகிறது. இன்சுலின் எதிர்ப்பைக் கரைப்பது எடைக் குறைவு. அந்த எடைக் குறைவை வருடக்கணக்கில் நிற்க வைப்பது குடலில் நடந்த மாற்றம். இப்படித்தான் நான் இரண்டையும் பொருத்திக்கொள்கிறேன். திரவ உணவை அக்கா இரண்டு வாரம் தாங்கினாள். அதே பசியோடு இருபது வருடம் தாங்கு என்று அவளிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை.

அதே மருத்துவமனையில் பக்கத்து அறையில் ஓர் அம்மா இருந்தார். கிட்டத்தட்ட இருபது வருடச் சர்க்கரை. அவருக்கும் அதே பைபாஸ். 70 யூனிட் ஊசி 18-க்கு வந்தது, ஆனால் நிற்கவே இல்லை. எடையும் நன்றாக இறங்கியது. "எனக்கு மட்டும் ஆபரேஷன் பலிக்கலம்மா" என்று அக்காவிடம் போனில் வருத்தப்படுவார். அவருக்கும் பலிக்கத்தான் செய்தது. உள்ளே இருப்பவருக்குக் காது திறந்துவிட்டது, ஆனால் இருபது வருடம் ஓங்கித் தட்டிய கை ஓய்ந்துபோயிருந்தது. பீட்டா செல்கள் களைத்துவிட்டால் இன்சுலின் எதிர்ப்பைச் சரிசெய்தாலும் வெளியிலிருந்து கொஞ்சம் இன்சுலின் தேவைப்படும். சர்க்கரை வந்த முதல் சில வருடங்களிலேயே எடையைக் குறைத்தவர்களுக்குப் பலன் கூடுதலாக இருப்பது இதனால்தான். எல்லாம் செய்து பார்த்துத் தோற்ற பிறகு கடைசியாக ஆபரேஷன் என்று நாம் நினைக்கும் வரிசையில் எனக்கு இப்போது நம்பிக்கை இல்லை.

முழுதாக விட்டுவிடுமா என்றால், அதற்கும் உத்தரவாதம் இல்லை. ரோமில் ஜெல்ட்ரூட் மின்கிரோனே என்ற மருத்துவர் 60 பேரைப் பத்து வருடம் தொடர்ந்து பார்த்து 2021-ல் எழுதினார். ஆபரேஷன் செய்தவர்களில் 37.5 சதவீதம் பேர் பத்து வருடம் கழித்தும் மருந்தில்லாமல் நோய் தணிந்த நிலையில் இருந்தார்கள், மருந்து மட்டும் எடுத்தவர்களில் 5.5 சதவீதம். ஆபரேஷன் செய்து இரண்டாம் வருடம் நோய் தணிந்திருந்தவர்களிலும் பாதிக்கு மேற்பட்டவர்களுக்குச் சர்க்கரை எப்படியோ திரும்பியிருக்கிறது. திரும்பினாலும் குறைந்த மருந்தில் கட்டுக்குள் இருந்தது. அக்காவுக்கு ஒன்றரை வருடத்தில் 71 கிலோ, மருந்தே இல்லாமல் மூன்று மாதச் சராசரி 5.8. இப்போது 74 கிலோ, 6.1. அந்த மூன்று கிலோ அவளுக்குப் பயத்தைக் கொடுத்திருக்கிறது. பயப்படட்டும் என்று விட்டிருக்கிறேன், ஆறு மாதத்துக்கு ஒருமுறை இரத்தம் கொடுக்க அது அவளை எழுப்பிவிடுகிறது.

கஷ்டங்களையும் சொல்லியாக வேண்டும். நாலாம் மாதம் தலைமுடி கொத்துக் கொத்தாகக் கொட்டியது. புரதத்தைக் கூட்டியும், வேகமாக எடை இறங்குவது நின்ற பிறகுதான் திரும்ப முளைத்தது. பி12, இரும்பு, கால்சியம், டி வைட்டமின் எல்லாம் ஆயுசுக்கும் எடுத்துக்கொள்ள வேண்டும். உணவு தொடாமல் போகும் அந்த முன்சிறுகுடலில்தான் இரும்பும் கால்சியமும் அதிகமாக உறிஞ்சப்படும். ஒரு வருடம் பி12 ஊசியை அலட்சியமாக விட்டுவிட்டு உள்ளங்கால் மரத்துப்போய் அலைந்தாள். சொந்தக்காரர் கல்யாணத்தில் இரண்டு வாய் பாயசம் குடித்துவிட்டு, வியர்த்துக் கொட்டி, நெஞ்சு படபடக்க, மண்டபத்து அறையில் ஒரு மணி நேரம் படுத்துக் கிடந்தாள். சர்க்கரைக் கரைசல் தடுப்பே இல்லாமல் குடலுக்குள் விழுந்தால் அப்படி ஆகும். உயிருக்கு ஆபத்தும் அறவே இல்லை என்று சொல்ல முடியாது. அமெரிக்காவில் பல மருத்துவமனைகள் சேர்ந்து 2009-ல் வெளியிட்ட கணக்கில் முப்பது நாளுக்குள் இறந்தவர்கள் 0.3 சதவீதம். அனுபவமுள்ள குழு, மயக்க மருந்து நிபுணர், தீவிர சிகிச்சைப் பிரிவு இதெல்லாம் இருக்கிற இடமா என்று பாருங்கள். தள்ளுபடி விலை போட்டு அழைக்கிற இடத்துக்குப் போகாதீர்கள்.

பணம் எங்களைப் படுத்தியது. மாமாவின் காப்பீட்டு நிறுவனம் முதலில் அழகுக்காகச் செய்வது என்று எழுதித் திருப்பி அனுப்பியது. காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் (ஐஆர்டிஏஐ) விதியில் பிஎம்ஐ 40-க்கு மேல் இருந்தாலோ, 35-க்கு மேல் இருந்து கட்டுக்கடங்காத சர்க்கரை போன்ற நோய் கூடவே இருந்தாலோ கொடுக்கலாம் என்று இருக்கிறது. அதைக் காட்டி இரண்டு முறை எழுதிய பிறகு ஒரு பகுதி வந்தது. ஆனால் அந்த 35 என்ற எண்ணே எனக்கு உறுத்துகிறது. ஆசிய உடம்புக்கு எல்லா எல்லையையும் 2.5 குறைத்துக்கொள்ள வேண்டும் என்று 2016-லேயே உலகச் சர்க்கரை நோய் அமைப்புகள் சேர்ந்து எழுதிவிட்டன. கட்டுக்கடங்காத சர்க்கரை உள்ளவருக்கு 27.5-லிருந்தே ஆபரேஷனைப் பற்றி யோசிக்கலாம் என்றார்கள். சின்னக் குதிர் உள்ள நமக்கு, பெரிய குதிர்க்காரர்களின் அளவுகோலை வைத்துக் காப்பீடு கணக்குப் பார்க்கிறது.

2025-ல் டிர்செபடைடும், எடைக்கான அளவில் செமாகுளுடைடும் வார ஊசியாக இந்தியாவுக்கு வந்துவிட்டன. ஜிஎல்பி-1 வழியிலேயே பசியை அடக்குபவை. அக்கா காலத்தில் இவை கையில் கிடைத்திருந்தால் அவள் ஆபரேஷனுக்குப் போயிருப்பாளா என்று மாமா கேட்பார். முதலில் ஊசியைத்தான் முயன்றிருப்பாள் என்று நினைக்கிறேன். நிறுத்தினால் பசியும் எடையும் திரும்புகின்றன, மாதாமாதம் செலவு ஆயிரங்களில் போகிறது. ஆனாலும் வெட்டாமல் ஒரு வழி கிடைத்திருப்பது எவ்வளவு பெரிய விஷயம்.

நாலாம் மாதம் முடி கொட்டியது என்றேனே, அந்த நாட்களில்தான் இன்னொன்றும் நடந்தது. அம்மா அவளுக்கு மெதுவாகத் தலை வாரிக்கொண்டிருந்தாள். திடீரென்று சீப்பு நின்றது. "இங்க வாடி" என்று என்னைக் கூப்பிட்டாள். அக்காவின் பின்கழுத்தில் கறுப்பு வெளுத்திருந்தது. முழுக்கப் போகவில்லை, நிழல் மாதிரி மிச்சமிருந்தது. தோல் மெலிந்து, மற்ற இடம் போலவே இருந்தது. அம்மா கட்டைவிரலால் அதைத் தடவிக்கொண்டே இருந்தாள். ஒன்றும் பேசவில்லை. எத்தனை ஞாயிற்றுக்கிழமைகள் தேய்த்த கை அது.

இப்போது அக்கா மகளுக்குப் பதினாறு வயது. போன சித்திரையில் அவள் தலையைக் குனிந்து செருப்பு மாட்டும்போது பின்கழுத்தில் மெல்லிய கறுப்புப் பட்டையைப் பார்த்தேன். என்னைவிட முன்னாலேயே அக்கா பார்த்திருந்தாள். அடுத்த வாரமே பரிசோதனை. வெறும் வயிற்றுச் சர்க்கரை 92, யாரும் நார்மல் என்றுதான் சொல்வார்கள். கூடவே எடுத்த இன்சுலின் 24. இரண்டையும் பெருக்கி 405-ஆல் வகுத்தால் ஹோமா என்ற கணக்கு வரும், எதிர்ப்பு எவ்வளவு என்று அதில் ஓரளவு தெரியும். அவளுக்கு 5.5. ஒன்றிரண்டுக்குள் இருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஆபரேஷனுக்கோ ஊசிக்கோ அவசியமில்லை, இந்த வயதில் தசையை வளர்த்தாலே பாதி வேலை முடியும் என்றார் மருத்துவர். சாப்பிட்ட சர்க்கரையில் ஒரு பெரிய பங்கை வாங்கி வைப்பது தசைதான். இப்போது தாயும் மகளும் வாரத்தில் நான்கு நாள் ஜிம்முக்குப் போகிறார்கள். வீட்டில் இரவுச் சோறு போய்ச் சுண்டலும் முட்டையும் வந்திருக்கிறது. பள்ளிக்கூடத்தில் யாராவது கழுத்தைப் பற்றிக் கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அக்கா அவளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள். இரட்டைப் பின்னலைத் தூக்கித்தான் கட்டிவிடுகிறாள்.

போன மாதம் அம்மா ஊருக்கு வந்திருந்தாள். பேத்தி குளிக்கப் போகும் நேரம், பழக்கத்தில் ஒரு எலுமிச்சம்பழத்தை நறுக்கிக் கையில் எடுத்துவிட்டாள். அக்கா அடுப்படியிலிருந்து வந்து, ஒரு வார்த்தையும் சொல்லாமல் அதை வாங்கி, இறக்கி வைத்த ரசத்தில் பிழிந்தாள்.